ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர்

ஜூன் 6, வியாழன்

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். உயிரை விடப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து, வீடு திரும்பியவர்களை வாரம் ஒருமுறை வீடு தேடிப் போய்ப் பார்த்துப் பேசும் திட்டம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அதனால் பயன் இல்லை என்று பல்கலைக்கழக உளவியல் துறை எழுதிக் கொடுத்துவிட்டது. அதை நம்பி, திட்டத்தை நடத்தி வந்த அறக்கட்டளை நேற்றோடு நிறுத்திவிட்டது.

பயன் இல்லை என்பது துறைக்கு எப்படித் தெரியும்? முப்பது பேரைப் பார்த்தார்கள். பதினைந்து பேரின் வீட்டுக்கு வாராவாரம் ஆள் போனது. மற்றப் பதினைந்து பேருக்கு ஒரு தொலைபேசி எண் அச்சடித்த அட்டை மட்டும். ஒரு வருடத்தில் முதல் பக்கத்தில் இரண்டு பேர் மறுபடி முயன்றார்கள். இரண்டாவது பக்கத்தில் மூன்று பேர். இரண்டும் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே பயன் இல்லை. இதுதான் அவர்கள் கண்டுபிடித்தது.

வீட்டுக்கு ஆள் போன பதினைந்து பேரில் ஒருவன் என் தம்பி குற்றாலம்.

நாளைக்கு யாராவது இந்த நோட்டைச் சாட்சியாகக் கேட்கலாம் என்பதால் என்னைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். பெயர் ஆவுடையப்பன். அறுபத்தொன்பது வயது. அதே துறையின் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைத் துடைத்து வைக்கும் ஆளாகச் சேர்ந்து, முப்பத்துமூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு பள்ளி இறுதி. புள்ளியியலை நானே கற்றேன், நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களை வைத்து. முனைவர் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் கணக்குக்கு என்னிடம்தான் வந்தார்கள். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘உதவிய ஊழியர்களுக்கும் நன்றி’ என்று போடுவார்கள். பெயர் போட்டவர் ஒருவரும் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குற்றாலத்தின் மனைவி பொன்னுத்தாய் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவன் என்னோடு மாடி அறையில் இருக்கிறான். போன வருடத்துக்கு முந்தின டிசம்பரில் அவன் செய்ததை இங்கே எழுதப்போவதில்லை.

நேற்று புதன்கிழமை. நான்கு மணிக்கு ஜெபக்கனி கடைசியாக வந்தாள். அவள்தான் வாராவாரம் வரும் ஆலோசகர். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பை முறுக்கு. திட்டம் நின்றுபோனதை அவள் சொல்லி முடித்ததும் குற்றாலம் சிரித்துக்கொண்டே, “அப்ப நான் பரீட்சையில பெயிலாம்மா?” என்று கேட்டான். அவள் ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடினாள். சாவி கையில்தான் இருந்தது.

ஜூன் 8, சனி

மாடி அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொன்னேன். துரு இல்லை. அவன் லேத்தில் நாற்பது வருடம் நின்றவன். கழற்றியதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நல்ல பித்தளைண்ணே” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

மாவு அரைத்தேன். அவன் நான்கு தோசை சாப்பிட்டான்.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிட்டது. குற்றாலம் பிரித்துப் போட்டு, கன்டென்சர் வாங்கிவரச் சொல்லி, மாற்றி ஓட்டினான். இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் எனக்குப் பயம் இல்லை. வீட்டில் இன்னும் நாலு மோட்டார் கெட்டால் தேவலை என்று இருந்தது.

ஜூன் 12, புதன்

நான்கு மணிக்கு அவன் சட்டை மாற்றிக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தான். ஐந்து மணிக்கு மேலே போனான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

துறைத் தலைவர் பேராசிரியர் மரகதவல்லிக்குக் கடிதம் எழுதினேன். நகல் இங்கே சுருக்கமாக.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களில் நூற்றுக்கு இருபது பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி முயல்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாராவாரம் ஆள் போனால் அது பத்தாகக் குறையும் என்றும் வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி. இதைவிடப் பெரிய நன்மையை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பதினைந்து பேரில் அது எப்படித் தெரியும்? ஒரு பக்கம் மூன்று பேர், இன்னொரு பக்கம் ஒன்றரை ஆள். அரை ஆளை எந்த ஆய்வும் பார்க்க முடியாது. அந்த வேறுபாடு உண்மையில் இருந்தால் ஐந்தில் நான்கு தடவையாவது அது நம் கண்ணில் பட வேண்டும். அதுதான் ஓர் ஆய்வின் திறன். அந்தத் திறன் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு இருநூறு பேர் வேண்டும். நீங்கள் வைத்தது பதினைந்து. கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று ஆகாது. விளக்கை அணைத்துவிட்டு அறையில் யாரும் இல்லை என்று சொல்கிறீர்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். வரும் வழியில் கத்தரிக்காய், சின்ன வெங்காயம். வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இது ஒரு பழக்கமாகிவிட்டது. ஜன்னலில் துண்டு காய்ந்தால் எழுந்துவிட்டான் என்று பொருள். துண்டு இருந்தது. அப்புறமும் கால் வேகமாகத்தான் போகிறது.

ஜூன் 16, ஞாயிறு

பேராசிரியருக்கு எண்களில் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. புளியங்கொட்டை இருநூறு எடுத்தேன். இரண்டு பிஸ்கட் டப்பா, ஒவ்வொன்றிலும் நூறு. முதல் டப்பாவில் இருபது கொட்டைகளைத் தரையில் உரசி வெள்ளையாக்கிப் போட்டேன். வீட்டுக்கு ஆள் போகிற பக்கமான இரண்டாவதில் பத்து. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் பதினைந்து கொட்டை எடுக்க வேண்டும், வெள்ளையை எண்ண வேண்டும், திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி நூறு தடவை. நூறில் எத்தனை தடவை துறையின் விதிப்படி வேறுபாடு உண்டு என்று சொல்ல முடியும் என்று பார்ப்பது.

உரசிக்கொண்டிருந்தபோது குற்றாலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்னண்ணே, இந்த வயசுல பல்லாங்குழியா?”

“கணக்கு.”

“கணக்குக்குப் புளியங்கொட்டையா? உங்களுக்கு யுனிவர்சிட்டில ஒரு கம்ப்யூட்டர் கூடத் தரலையோ?”

“தந்தாங்க. தொடைக்க.”

சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. எடுத்துக் கொடுக்கிற வேலையை அவனே வாங்கிக்கொண்டான். நான் எழுதினேன். முப்பது தடவை போல ஆனதும் கேட்டான்.

“இந்த வெள்ளைக் கொட்டையெல்லாம் யாரு?”

நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “திரும்ப முயற்சி பண்ணுறவங்க.”

ஒரு கறுப்புக் கொட்டையை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினான். “அப்ப நான் இப்ப கறுப்பு. சரிதானா?”

“ஆமாலே.”

“ஒரசுனா வெள்ளையாயிரும்” என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். கொட்டையை டப்பாவில் போட்டுவிட்டு, “ம், அடுத்தது எழுதுங்க” என்றான். முப்பத்திரண்டாம் வரிசையிலும் முப்பத்துமூன்றாம் வரிசையிலும் நான் எழுதிய எண்கள் எனக்கே படிக்க வரவில்லை.

நூறு தடவையும் முடித்தோம். நூறில் நான்கு தடவைதான் வேறுபாடு உண்டு என்று சொல்லும்படி வந்தது. தொண்ணூற்றாறு தடவை ‘பயன் இல்லை’. டப்பாக்களில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருப்பது எனக்குத் தெரியும், நானே போட்டேன். இருந்தும் தொண்ணூற்றாறு. அதில் பதினான்கு தடவை, வீட்டுக்கு ஆள் போகிற டப்பாவே மோசம் என்று காட்டியது.

ஜூன் 17, திங்கள்

கொட்டைகளை எண்ணி வைத்தேன். நூற்றுத்தொண்ணூற்றொன்பது இருந்தது. கட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், எல்லாம் தேடினேன். ஒரு வெள்ளை குறைகிறது.

ஜூன் 20, வியாழன்

பேராசிரியரைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முப்பத்துமூன்று வருடம் அந்த பெஞ்சைத் துடைத்திருக்கிறேன்.

“வாங்க ஆவுடையப்பன். உக்காருங்க. டீ சொல்லவா?”

“டீ வேண்டாம் மேடம். ஒரு பதில் வேணும்.”

என் கடிதம் அவர் மேசையில் இருந்தது. படித்திருக்கிறார், ஓரத்தில் பென்சில் கோடுகள். “நீங்க சொல்றது தப்பில்ல” என்றார். “ஆனா வீட்டுக்குப் போறதால பயன் இருக்குன்னு நீங்க நிரூபிச்சுட்டீங்களா?”

“இல்ல. இருக்குன்னும் தெரியாது, இல்லன்னும் தெரியாது. தெரியலன்னு எழுதுங்கன்னுதான் கேக்கிறேன்.”

“தெரியலன்னு எழுதுற ஆய்வை யாரு போடுவாங்க? அறக்கட்டளைக்கு ஒரு முடிவு வேணும்னு கேட்டாங்க.”

“அவங்களுக்கு முடிவு வேணும். எனக்குத் தம்பி வேணும்.”

குற்றாலம் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கோப்பு ஒன்றை எடுத்துவந்தார்.

“எண்ணிக்கையை நாங்களா இஷ்டத்துக்கு வைக்கல, ஆவுடையப்பன். இதைப் பாருங்க.” ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

கண்ணாடி கொண்டுபோகவில்லை. அப்புறம் படிக்கிறேன் என்று சொல்லித் தாளைக் கோப்பிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நகல் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். பஸ்ஸில் கூட்டம். ரேஷனில் பருப்பு வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

வெல்டிங் கடைக்காரர் செண்பகராமன் தெருவில் என்னை நிறுத்தி நன்றி சொன்னார். எதற்கு என்றேன். குற்றாலம் லேத் வேலைக்கு அளவு பார்க்கும் தன் வெர்னியர் காலிப்பரை அவருக்குக் கொடுத்துவிட்டானாம். சும்மா. அது அவன் முதல் சம்பளத்தில் வாங்கியது. என்னைத் தொடவிட மாட்டான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “எனக்கெதுக்குண்ணே இனிமே அது” என்றான்.

‘இனிமே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க இருந்தேன். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி எதற்கு என்றும் பொருள் இருக்கலாம். சாதாரணமாக எல்லாரும் சொல்வதுதான். மாடியைப் பெருக்கும் சாக்கில் போய் அவன் பெட்டியைப் பார்த்தேன். சட்டைகளை மடித்து அடுக்கியிருக்கிறான். பொன்னுத்தாய் படத்தைத் துணியில் சுற்றி மேலே வைத்திருக்கிறான். ஒழுங்காக இருப்பதைப் பார்த்து இப்படிப் பயந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

வேடிக்கை என்னவென்றால் நான் செய்வதும் அதே தப்பு. ஒரே ஓர் ஆள். ஒரு வெர்னியர், ஒரு சொல், ஒரு மடித்த சட்டை. இதை வைத்துக்கொண்டு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வைப் போல இன்னும் நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு வா என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. எனக்கு இருப்பது இவன் ஒருவன்தான்.

ஜூன் 26, புதன்

இன்று சாயங்காலம் நடந்ததை நினைக்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மூன்றரைக்குக் காஸ் சிலிண்டர் வந்தது. வாங்கி உள்ளே உருட்டி வைத்துவிட்டுப் பார்த்தால் மாடியில் அவன் இல்லை. குளியலறையில் இல்லை. மொட்டை மாடி, கிணற்றடி, எங்கும் இல்லை. செல்போன் கட்டில்மேல் கிடந்தது. செருப்பு இல்லை.

செருப்பு போட்டுக்கொண்டு போயிருக்கிறான், ஆகவே திரும்பி வருவான் என்று எனக்கு நானே சொன்னேன். அதில் எந்த நியாயமும் இல்லை என்பதும் தெரிந்தது. ஆற்றுப் பக்கம் போவதா, ரயில் பாதைப் பக்கம் போவதா என்று தெருவில் நின்று யோசித்தேன். ஒரு மனிதன் தன் தம்பியைத் தேட எந்தத் திசையில் போவது என்று யோசித்து நிற்கும்போது அவன் மனதில் என்னென்ன படங்கள் ஓடும் என்பதை எழுத எனக்குச் சக்தி இல்லை. ரயில் பாதைக்குப் போனேன். அங்கே ஆடு மேய்க்கிற ஓர் அம்மா மட்டும் இருந்தார். ஆற்றுக்குப் போனேன். இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அடையாளம் சொல்லிக் கேட்டேன். என் வாய் சொன்ன அடையாளங்கள்: உயரம், நரைத்த மீசை, நீலக் கட்டம் போட்ட சட்டை. போலீசிடம் சொல்வது போல இருந்தது.

ஐந்தே காலுக்கு, திரும்பும் வழியில், பைபாஸ் பஸ் நிறுத்தத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை சீவி, கையில் ஒரு பை முறுக்கு.

“எங்கலே போன?”

“எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்.”

“எதுக்கு?”

“அந்தப் பிள்ளை புதன்கிழமை இந்த வழியாத்தான வரும்? வந்தா முறுக்கு கொடுக்கலாம்னு பார்த்தேன்.” அப்புறம், “ஸ்கூட்டருல வாரவ பஸ் ஸ்டாப்புல எதுக்கு நிப்பா, எனக்கும் தெரியும்ணே. வீட்ல நாலு மணிக்கு இருக்க முடியல” என்றான்.

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் முறுக்கைத் தின்றோம். எனக்குப் பல் இல்லாததால் வாயில் ஊறவைத்துத் தின்ன வேண்டியிருந்தது. “கிழவனுக்கு வயசாயிட்டு” என்றான்.

ஜூன் 28, வெள்ளி

ஜெபக்கனிக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மதிய இடைவேளையில் பேசினாள். வெர்னியரை, பெட்டியை, பஸ் நிறுத்தத்தை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா ஐயா?”

“என்னத்தை?”

“சாகணும்னு தோணுதான்னு.”

அவளே தொடர்ந்தாள். “நான் வாராவாரம் வந்து வேற ஒண்ணும் செய்யல ஐயா. மோட்டார், பொன்னுத்தாய் அம்மா, முறுக்கு, எல்லாம் பேசுவோம். நடுவுல ஒரு தடவை அதை நேரா கேப்பேன். இந்த வாரம் அந்த எண்ணம் வந்துச்சான்னு. வந்துச்சுன்னா வந்துச்சும்பாங்க. கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது, பயப்படாதீங்க. இதைக் கேட்டா என்ன ஆகும்னு எல்லாரும் பயந்து வேற எல்லாத்தையும் கேக்கிறாங்க.”

ஒன்றரை வருடமாக நான் அவனிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா.

“வந்துச்சுன்னு சொன்னா நான் என்ன செய்ய?”

“தனியா விடாதீங்க. மறுநாளே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கும் போன் பண்ணுங்க.”

வைப்பதற்கு முன் நான் கேட்டேன்: “அன்னைக்கி அந்தக் கூட்டத்துல நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?”

“எந்தக் கூட்டம் ஐயா?” என்றாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. குரலில் தெரிந்தது.

ஜூலை 1, திங்கள்

பேராசிரியர் என் பக்கம் தள்ளிய தாளில் என்ன இருந்தது என்பதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம், பேராசிரியர் எனக்குப் போன் செய்து, புதிய ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம், நீங்கள் வர வேண்டும் என்று கூப்பிட்டார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, வாசலில் பெஞ்சில் அல்ல, மேசையில் உட்காரக் கூப்பிட்டார்கள். வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். எத்தனை பேர் போதும் என்று கேட்டார்கள். முப்பது, ஒரு பக்கத்துக்குப் பதினைந்து என்று சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்தான் அது. என் கையெழுத்து, என் பச்சை மை.

முப்பத்துமூன்று வருடம் நான் எல்லாருக்கும் சொன்ன எண் அது. எங்கள் துறையில் முப்பது என்றால் மறுபேச்சு கிடையாது. விளக்கு எரிந்ததும், தந்திக் கருவியில் இருப்பது போன்ற பித்தளைச் சாவியை எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறார்கள், இருபது சொற்களில் எத்தனை நினைவிருக்கிறது, இந்த மாதிரி ஆய்வுகள். ஓர் ஆள் நாற்பது தடவை சாவியை அழுத்துவார். வேறுபாடும் பெரிதாக இருக்கும். அதற்கு முப்பது பேர் போதும். போதும் என்பதைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். சாவியை நாற்பது தடவை அழுத்துகிற கணக்கை, வருடத்தில் ஒரு தடவை, அதுவும் ஐந்தில் ஒருவருக்கு நடக்கிற காரியத்துக்குக் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஜெபக்கனி எழுந்து, “ஐயா, இது அபூர்வமா நடக்கிற விஷயம். முப்பது பேர் பத்துமா?” என்று கேட்டாள். “நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டவன் நான்” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இதைக் குற்றாலத்திடம் பெருமையாகச் சொன்னேன். நான்கு மாதம் கழித்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஜனவரியில் அவன் பெயரைப் பட்டியலில் பதினோராவதாக எழுதினார்கள்.

ஆனாலும் ஒன்று. ‘பயன் இல்லை’ என்று எழுதியது நான் இல்லை. ‘தெரியவில்லை’ என்று எழுத அவர்களுக்கு வழி இருந்தது. அந்த இடத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

கேட்கலாம் என்று மூன்று தடவை மாடி ஏறினேன். முதல் தடவை, துவைக்கத் துணி இருக்கா என்றேன். இரண்டாவது தடவை, மின்விசிறி சத்தம் போடுதா. மூன்றாவது தடவை படியிலேயே திரும்பிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

நான்கு மணிக்கு அவன் சட்டை மாற்றிக்கொண்டு கீழே வந்தான். நான் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காபி போட்டு வைத்திருந்தேன். மோட்டாரைப் பற்றிப் பேசினேன். பொன்னுத்தாய் வைக்கும் சொதியைப் பற்றிப் பேசினேன்.

“என்னண்ணே, ஜெபக்கனி மாதிரியே பேசுதிய” என்றான்.

“அவகிட்டதான் கேட்டேன்.”

“அவ ஒரு கேள்வி கேப்பா.”

“தெரியும்.”

“கேக்கப் போறியளா?”

கேட்டேன். வார்த்தை மாற்றாமல் கேட்டேன். “இந்த வாரம் சாகணும்னு எண்ணம் வந்துச்சா?” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று ஞாபகம் வந்து எழுந்தேன். பாலை ஏற்கெனவே இறக்கிவைத்திருந்தேன்.

“உக்காருங்க” என்றான். “கேட்டுட்டு எங்க ஓடுதிய?”

உட்கார்ந்தேன். வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு உதைக்குப் பிறகு கிளம்பியது.

“வந்துச்சு” என்றான். “திங்கக்கிழமை வந்துச்சு. நேத்தும். நீங்க படியில நின்னிய, நான் உள்ள இருந்தேன். ஏறி வந்துட்டியன்னா சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க இறங்கிட்டிய.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடித்தது. அறுபது வயதுக் கை, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

“அந்த முப்பது பேரு கணக்கு என்னோடதுலே” என்று சொன்னேன். “நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

“தெரியும். அன்னைக்கி வந்து சொன்னியள்ளா. அந்தப் பிள்ளைய உக்கார வச்சுட்டேன்னு.” கோபம் இல்லை அவனுக்கு. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “கணக்கு இருக்கட்டும்ணே. அடுத்த புதன்கிழமையும் கேப்பியளா?”

ஜெபக்கனிக்குப் போன் செய்தேன். பேராசிரியருக்கும் செய்தேன். என் படுக்கையை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டில் இருக்கக் கூடாத பொருள்கள் சிலவற்றைச் செண்பகராமன் கடையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவனுக்குத் தெரியும்படியே செய்தேன், துரு என்று பொய் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

காலையில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. மருத்துவர் அவனிடம் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினார். மாத்திரையை மாற்றி எழுதி, சனிக்கிழமை மறுபடி வரச் சொன்னார். மாத்திரையை என் கையில்தான் கொடுத்தார்கள்.

பயம் போகவில்லை. வாராவாரம் கேட்பதால் இவன் பிழைப்பானா என்று எனக்குத் தெரியாது. இருநூறும் இருநூறும் நானூறு பேரை யாராவது ஒழுங்காகப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதுவரை செய்ய வேண்டியதையும் யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதி, நகல் எடுத்து, எல்லாருக்கும் அனுப்புகிறேன்.

பேராசிரியர் மரகதவல்லி: அறிக்கையில் ‘பயன் இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘முப்பது பேரை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை’ என்று எழுத வேண்டும். பத்திரிகை போடாவிட்டாலும் எழுத வேண்டும். நேற்று போனில் யோசிக்கிறேன் என்றார். யோசிப்பதற்குப் பதினைந்து நாள். அதற்குமேல் நான் அந்த பெஞ்சில் போய் உட்காருவேன், தினமும்.

அறக்கட்டளை: முடிவு தெரியும்வரை திட்டத்தை நிறுத்தக் கூடாது. மறுபடி ஆய்வு செய்வதென்றால் நான்கைந்து மாவட்டங்களைச் சேர்த்து, ஒரு பக்கத்துக்கு இருநூறு பேருக்குக் குறையாமல், எண்ணிக்கையை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நடுவில் எட்டிப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

துறை: மற்ற இருபத்தொன்பது பேரின் வீட்டுக்கும் இந்த வாரமே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அட்டை மட்டும் வாங்கிய பதினைந்து பேரின் வீட்டுக்கும் சேர்த்து. ஆய்வுக்காக அல்ல.

ஜெபக்கனி: அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவளிடம் நான் ஆறு பேர் முன்னிலையில் பேசியதற்கு, அதே ஆறு பேரைக் கூட்டி வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இது என் வேலை.

எண்ணிக்கையைச் சொன்னது நான்தான் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயரோடு போட வேண்டும். இதுவும் என் வேலை. கடிதம் எழுதிவிட்டேன்.

குற்றாலம்: சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அண்ணன் பயப்படுவான் என்று குறைத்துச் சொல்லக் கூடாது.

நான்: புதன்கிழமை நான்கு மணிக்குக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.